பார்க்கத் தெரிந்தால் நெருங்க வேண்டியதில்லை

ஐஸ்லாந்தின் வடகரையில் ஸ்கயால்ஃபாண்டி வளைகுடாவை ஒட்டி அமைந்திருக்கிறது ஹூசாவிக் என்ற மீன்பிடி ஊர். மூவாயிரத்துக்கும் குறைவான மக்களே வாழும் இந்தச் சிற்றூருக்குக் கோடைக்காலத்தில் பல நாடுகளிலிருந்தும் பயணிகள் வந்து குவிகிறார்கள். செப்பனிடப்பட்ட பழைய ஓக் மரப் படகில் 1995-இல் இங்கு தொடங்கிய திமிங்கலம் காணும் பயணம், இன்று அவ்வூரின் முக்கிய வாழ்வாதாரங்களில் ஒன்று. கொன்று விற்பதற்கு மாறாக, உயிரோடு காட்டியே பிழைக்க முடியும் என்பதற்கு ஹூசாவிக் ஒரு சான்று.

திமிங்கலங்கள் அவ்வளவு தொலைவு வடக்கே வருவது உணவுக்காக. குளிர்காலப் புயல்களால் கலக்கப்பட்டு ஊட்டச்சத்து நிறைந்திருக்கும் கடல்நீரில், கோடையின் நீண்ட பகலொளி படும்போது நுண்ணுயிர்த் தாவரங்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு கிரில் என்ற சிற்றிறால் வகையும், அவற்றைத் தொடர்ந்து கேப்ளின் போன்ற சிறுமீன்களும் பெருகுகின்றன. இந்த விருந்துக்குத்தான் கூன்முதுகுத் திமிங்கலமும், மிங்கி திமிங்கலமும், சில நாள்களில் நீலத் திமிங்கலமும் வந்து சேருகின்றன.

ஆனால், இவ்வளவு பெரிய உயிரினத்தைக் கடலில் கண்டுபிடிப்பது எளிதன்று. உடலைத் தேடுபவர் பெரும்பாலும் ஏமாறுவார். அடையாளங்களைத் தேட வேண்டும். முதலாவது அடையாளம் மூச்சு. கூன்முதுகுத் திமிங்கலம் வெளியேற்றும் மூச்சு, ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்துக்குப் புதர்போல் பரந்து எழும். நீலத் திமிங்கலத்தின் மூச்சோ தூண்போல் 9 மீட்டருக்கும் மேல் உயரும். இடப்பக்கமாகச் சாய்ந்து முன்னோக்கிப் பீறிட்டால் அது ஸ்பெர்ம் திமிங்கலம். அதன் மூச்சுத்துளை தலையின் இடப்புறத்தில் இருப்பதே காரணம். மிங்கி திமிங்கலத்தின் மூச்சு கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. வளைந்த முதுகுத் துடுப்பைக் கொண்டே அதை அறிய வேண்டும்.

இரண்டாவது அடையாளம் பறவைகள். ஓரிடத்தில் கடற்பறவைகள் திரண்டு நீரில் பாய்ந்தால், அங்கே மீன்கூட்டம் இருக்கிறது. மீன் இருக்குமிடத்தில் திமிங்கலமும் இருக்கக்கூடும். நம் மீனவர்கள் ஓங்கில் என்றழைக்கும் டால்பின்கள் வேறு வகை. இப்பகுதியின் வெண்மூக்கு டால்பின்கள் கூட்டமாக வந்து, படகின் முகப்பில் எழும் அலையில் தாமே விருப்பத்துடன் சறுக்கி விளையாடும். வழிகாட்டிகள் திசையைக் கடிகார முகமாகக் கொண்டு சொல்வார்கள்: படகின் முன்முனை 12 மணி, வலப்புறம் 3 மணி. 'இரண்டு மணியில்' என்ற குரல் எழுந்தால் எல்லாக் கண்களும் அங்கே திரும்பும்.

கூன்முதுகுத் திமிங்கலம் ஆழத்தில் மூழ்கும்போது வாலை நீருக்கு மேல் உயர்த்தும். அந்த வாலின் அடிப்புறத்தில் உள்ள கருப்பு வெள்ளைக் கோலம், மனிதரின் கைரேகைபோல் ஒன்றுக்கொன்று மாறுபட்டது. சுற்றுலாப் படகுகளிலிருந்து எடுக்கப்படும் வால் படங்களை ஒப்பிட்டு, ஐஸ்லாந்தில் கோடையைக் கழிக்கும் திமிங்கலங்களில் சில, பல ஆயிரம் கி.மீ. தெற்கே கரீபியக் கடலுக்கும் கேப் வெர்டே தீவுகளுக்கும் செல்வதை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

இன்று இவ்வளவு கூன்முதுகுத் திமிங்கலங்களைக் காண முடிவதற்குப் பின்னால் ஒரு முடிவு இருக்கிறது. வட அட்லாண்டிக்கில் அவற்றின் வணிக வேட்டை 1955-இல் தடை செய்யப்பட்டது. துடுப்புத் திமிங்கலத்துக்கு அந்தப் பாதுகாப்பு நிலைக்கவில்லை. அனைத்துலகத் திமிங்கல ஆணையம் 1982-இல் எடுத்த முடிவின்படி 1986 முதல் வணிக வேட்டை நிறுத்தி வைக்கப்பட்டது. 1992-இல் ஆணையத்திலிருந்து விலகிய ஐஸ்லாந்து, பின்னர் மறுப்புரிமையுடன் மீண்டும் சேர்ந்து, 2006-இல் வேட்டையைத் தொடங்கியது. தலைநகர் ரெய்க்யாவிக்கின் பழைய துறைமுகத்தில், திமிங்கலம் காட்டும் படகுகளும் அதைக் கொல்லும் கப்பல்களும் அருகருகே நின்ற காட்சி அந்நாட்டின் முரணைச் சொல்லாமல் சொல்லியது.

2022-இல் 148 துடுப்புத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. வெடிஈட்டி பாய்ந்த பின்னும் சில திமிங்கலங்கள் நீண்ட நேரம் போராடி இறந்ததை அரசின் கால்நடைத் துறை அறிக்கை வெளிப்படுத்தியதால், 2023 ஜூனில் வேட்டை நிறுத்தப்பட்டது. செப்டம்பரில் மீண்டும் தொடங்கி 24 திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. 2024 டிசம்பரில், ஆண்டுக்கு 209 துடுப்புத் திமிங்கலங்களையும் 217 மிங்கி திமிங்கலங்களையும் வேட்டையாட ஐந்து ஆண்டு உரிமம் வழங்கப்பட்டது. இருப்பினும் 2025-இல் துடுப்புத் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் கடலுக்குச் செல்லவில்லை. ஜப்பான் சந்தையில் இறைச்சிக்கு உரிய விலை இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். சந்தை தரும் பாதுகாப்பு, சந்தை மாறினால் மறைந்துவிடும்.

அதற்காகச் சுற்றுலாவைக் குறையற்ற மாற்று என்று கொண்டாடிவிடவும் முடியாது. திமிங்கலம் ஒலியால் வாழும் உயிரினம். இயந்திரப் படகுகள் பல சூழ்ந்துகொண்டால் அதன் இரைதேடலும் ஓய்வும் குலைகின்றன. குளிர்காலம் முழுமைக்கும் தேவையான கொழுப்பைச் சேர்க்கும் சில மாதங்களில் இந்தத் தொந்தரவு சிறியதன்று. எனவேதான் வேகத்தைக் குறைத்தல், முன்னால் குறுக்கிடாமல் பக்கவாட்டில் இணையாகச் செல்லுதல், தாயையும் குட்டியையும் பிரிக்காதிருத்தல் ஆகிய நெறிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஹூசாவிக்கில் 2015 முதல் மின்னாற்றலில் அமைதியாக இயங்கும் பாய்மரக் கப்பலும் பயன்பாட்டில் உள்ளது.

இந்த நெறிகளைக் காப்பது படகோட்டியின் கையில் மட்டும் இல்லை. 'இன்னும் அருகே செல்லுங்கள்' என்று வற்புறுத்தும் பயணிதான் பெரும்பாலும் அவற்றை மீறச் செய்கிறார். மூச்சின் வடிவத்தையும் பறவைகளின் திரட்சியையும் படிக்கக் கற்றவருக்கு அந்த அவசரம் இராது. தொலைவில் எழும் ஒரு வெண்புகையே அவருக்குப் போதுமான காட்சி. திமிங்கலத்தை வேட்டையிலிருந்து காக்கச் சட்டம் வேண்டும். காண வருவோரிடமிருந்து காக்க, காணும் கலையைக் கற்றுத்தர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வடகடல் அவற்றுக்கு மெய்யான புகலிடமாகும்.