ஜெர்மானிய வரலாற்றுச் சான்றுகளாகத் தூதர்களின் அறிக்கைகள்

முன்னுரை

தூதர்கள் தம் அரசுக்கு அனுப்பிய அறிக்கைகள் வரலாற்று ஆய்வில் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. நிகழ்வு நடந்த நாளுக்கு அண்மையில், பொதுமக்கள் பார்வைக்கு அன்றி அரசின் பயன்பாட்டிற்காக எழுதப்பட்டமையே அவற்றின் மதிப்புக்குக் காரணம். எனினும் தூதர் நடுநிலைச் சாட்சி அல்லர். ஓர் அறிக்கையை எழுதியவர், படித்தவர், தொகுத்து வெளியிட்டவர் ஆகிய மூவரையும் சேர்த்து நோக்கும்போதே அது முழுமையான சான்றாகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எழுதியவர்

1928 முதல் 1933 வரை பெர்லினில் பிரித்தானியத் தூதராக இருந்தவர் சர் ஹோரஸ் ரம்போல்ட். ஹிட்லர் பதவியேற்று மூன்று மாதங்கள் நிறைவடையும் முன்பே, 1933 ஏப்ரல் 26 அன்று, அவர் இலண்டனுக்கு விரிவானதோர் அறிக்கை அனுப்பினார். ஹிட்லரின் ‘மைன் காம்ஃப்’ என்னும் நூலை அடிப்படையாகக் கொண்டு, புதிய ஆட்சியின் போர் நோக்கத்தை அவர் எச்சரித்தார். கடையில் கிடைத்த நூலே இங்கு ஆதாரம். அதனை ஆட்சித் திட்டமாகக் கருதிப் படித்ததே தூதரின் பங்களிப்பு.

அதே பதவியில் 1937 முதல் 1939 வரை இருந்த நெவில் ஹெண்டர்சன், ஜெர்மனியுடன் இணக்கம் காண இயலும் என்ற நம்பிக்கையோடு எழுதினார். பின்னைய நிகழ்வுகள் அந்நம்பிக்கையைப் பொய்ப்பித்தன. ஆயினும் அவருடைய அறிக்கைகள் பயனற்றவை ஆகா. ஜெர்மனியின் நோக்கத்தை அறிய அவை போதாமற் போகலாம். பிரித்தானியாவின் விட்டுக்கொடுக்கும் கொள்கை எந்த எண்ணங்களின்மீது நின்றது என்பதை அறிய அவை இன்றியமையாதவை.

படித்தவர்

1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் கொல்லப்பட்டார். வியன்னாவிலிருந்த ஜெர்மானியத் தூதர் சிர்ஷ்கி, அவசர நடவடிக்கை வேண்டாமென ஆஸ்திரியர்களிடம் எச்சரித்து வருவதாக ஜூன் 30 அன்று எழுதினார். அவ்வறிக்கையின் ஓரத்தில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், செர்பியருடன் கணக்குத் தீர்க்க இதுவே தருணம் என்னும் பொருள்பட எழுதி, தூதரின் நிதானத்தையும் கடிந்துகொண்டார். அதன்பின் சிர்ஷ்கி வியன்னாவில் பேசிய தொனி மாறியது. அறிக்கை வியன்னாவின் மனநிலையைக் காட்டுகிறது. ஓரக்குறிப்பு பெர்லினின் மனநிலையைக் காட்டுகிறது. மேலிடம் எதனை விரும்புகிறது என்பதை அறிந்த தூதர் அடுத்து எழுதுபவற்றை ஆய்வாளர் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும்.

தொகுத்தவர்

1871 முதல் 1914 வரையிலான ஜெர்மானிய வெளியுறவு ஆவணங்கள் 1922–1927 காலகட்டத்தில் 40 தொகுதிகளாக வெளியிடப்பட்டன. வெர்சாய் உடன்படிக்கையின் 231ஆம் பிரிவு ஜெர்மனிமீது சுமத்திய போர்ப் பொறுப்பை மறுப்பது இம்முயற்சியின் நோக்கங்களுள் ஒன்று. ஆவணங்கள் கால வரிசையில் அன்றிப் பொருள் வாரியாக அடுக்கப்பட்டன. ஒரே நாளில் வெவ்வேறு தலைநகரங்களிலிருந்து வந்த அறிக்கைகள் இதனால் பிரிந்துபோயின. எனவே, அச்சுத் தொகுதியை மூல ஆவணக் கோப்புடன் ஒப்பிடுதல் தேவையாகிறது.

முடிவுரை

தூதரின் கணிப்பு பின்னர் மெய்யானதா என்பதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், முடிவை முன்பே அறிந்தவரின் பார்வையே அன்றைய மனிதர்கள்மீது ஏற்றப்படும். தூதர் யாரிடம் கேட்டார், யாருக்கு எழுதினார், படித்தவர் என்ன செய்தார், எந்த வடிவில் அது இன்று கிடைக்கிறது என்னும் வினாக்களை எழுப்பும்போது, தவறான அறிக்கையும் நம்பகமான சான்றாக அமைகிறது.