அவசரப்படும் பை

என் தகப்பனாருக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. கல்யாணப் பத்திரிகை வந்தால் அவர் முதலில் விசாரிப்பது முகூர்த்த நேரத்தை அல்ல. ஊருக்கு எத்தனை மணி நேரப் பஸ் பயணம் என்பதைத்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் எங்களை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். சிறுநீர் கழிக்கும் உந்துதல் திடீரென்று வரும். வந்தால் அடக்க முடியாது. ஆனால் போய்ப் பார்த்தால் அரை டம்ளர்கூட இராது. மருத்துவர்கள் இதை ‘மிகைச் செயல் சிறுநீர்ப்பை’ என்கிறார்கள். வெட்கத்தால் வெளியே சொல்லாமலே காலம் தள்ளுகிறவர்கள் அநேகர். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

நான் பௌதிகம் கற்பிப்பவன். எனவே அந்தப் பையை முதலில் பௌதிகக் கண்ணோடு பார்ப்போம்.

ஒரு பலூனை ஊதுங்கள். தொடக்கத்திலேயே அது உங்களை எதிர்த்துத் தள்ளுகிறது அல்லவா? சிறுநீர்ப்பை அப்படிச் செய்வதில்லை. அது தசையால் ஆன பை. சிறுநீர் சேரச் சேரத் தசை தளர்ந்து இடம் கொடுக்கும். 400 மில்லிலிட்டர் அளவுக்கு நிரம்பும்போதும் உள்ளே அழுத்தம் சுமார் 10 சென்டிமீட்டர் நீர்மட்ட உயரத்தைப் பெரிதாகத் தாண்டாது. பிறகு மூளை அனுமதி தந்ததும் தசை சுருங்கிப் பை காலியாகும். நோயுற்ற பையோ பாதி நிரம்பும் முன்பே, அனுமதி கேளாமல் சுருங்கத் தொடங்கிவிடுகிறது.

ஏன் இப்படி? லாப்லாஸ் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கோளம் போன்ற ஒரு பையில் அழுத்தம் மாறாமல் ஆரம் மட்டும் இரு மடங்கானால், சுவரின் இழுவிசையும் இரு மடங்காகும். அந்தச் சுவருக்குள்தான் அதற்கு உணவூட்டும் இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. பை நன்றாக நிரம்பும்போதும், பலமாகச் சுருங்கும்போதும் அவை நெருக்குண்டு இரத்த ஓட்டம் குறைகிறது. பை காலியானதும் இரத்தம் திரும்பப் பாய்கிறது. ஆரோக்கியமான உடலுக்கு இது பொருட்டல்ல. ஆனால் முதுமையில் தமனிகள் தடித்துக் குறுகியிருந்தாலோ, ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்துப் பையை அதிகம் உழைக்க வைத்தாலோ, தசை ஒவ்வொரு நாளும் பலமுறை பட்டினி கிடக்க நேரும்.

பட்டினிக்குப் பின் பிராணவாயு வந்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். விந்தை இங்கேதான். நிலைகுலைந்த செல்லுக்குள் திரும்பி வரும் ஆக்ஸிஜனில் ஒரு பகுதி, வழிதவறிய எலெக்ட்ரான் ஒன்றைப் பற்றிக்கொண்டு ‘சூப்பராக்ஸைடு’ ஆகிறது. இணையில்லாத எலெக்ட்ரானை உடைய இத்தகைய பொருள்களை வேதியியலார் ‘தனி உறுப்புகள்’ என்பர். இவற்றிலிருந்து பிறக்கும் பொருள்கள் செல்லின் கொழுப்புப் படலத்தையும் புரதத்தையும் நரம்பு நுனிகளையும் சிதைக்கின்றன. சூப்பராக்ஸைடைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றும் நொதி ஒன்று நம் உடலில் உண்டு. மெக்கார்ட், ஃப்ரிடோவிச் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் 1969-இல் அதன் செயலைக் கண்டறிந்தனர். ஹைட்ரஜன் பெராக்ஸைடை நீராக்கிவிட வேறு நொதிகளும் இருக்கின்றன. உற்பத்தி இந்தக் காவலர்களை மிஞ்சிவிடும் நிலையே ஆக்ஸிஜனேற்ற நெருக்கடி.

உண்மையில் இதுதான் பையை அவசரப்படுத்துகிறதா? மனிதரில் சோதிப்பது எளிதன்று. ஆய்வாளர்கள் எலியின் சிறுநீர்ப்பையில் மெல்லிய குழாயைச் செருகி, உப்புநீரை நிதானமாகச் செலுத்தி, அழுத்தத்தை வரைபடமாகப் பதிவு செய்கிறார்கள். நலமான எலியின் வரைபடத்தில் சிகரங்கள் ஒழுங்கான இடைவெளியில் நிற்கும். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், உப்புநீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்ஸைடுக் கரைசலைச் செலுத்தியபோது பை மிகைச் செயலில் இறங்கியது.

இதைவிட என்னைக் கவர்ந்தது 2013-இல் நோமியா என்ற ஜப்பானிய மருத்துவரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு. எலிகளின் இடுப்புத் தமனியின் உட்சுவரைக் காயப்படுத்தி, எட்டு வாரம் கொலஸ்டிரால் மிகுந்த தீனி கொடுத்தார்கள். தமனி அடைத்தது, பையின் இரத்த ஓட்டம் குறைந்தது, வரைபடத்தின் சிகரங்கள் நெருங்கின. வேறு சில எலிகளுக்கு அதே காயம், அதே தீனி; கூடவே மெலடோனின். இது இரவில் மூளையின் பீனியல் சுரப்பி சுரக்கும் பொருள். தனி உறுப்புகளை அடக்க வல்லது. இந்த எலிகளின் தமனியும் அடைத்தே இருந்தது! ஆயினும் பையில் ஆக்ஸிஜனேற்றச் சேதம் குறைந்தது, அவசரமும் தணிந்தது. குழாய் திறக்காமலே பை அமைதியடைந்தது என்றால், குற்றவாளி இரத்தக் குறைவு மட்டுமல்ல என்று ஆகிறதல்லவா?

இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடிவிடாதீர்கள். அந்த எலிகளுக்குக் காயம் ஏற்பட்டதிலிருந்தே மருந்து கொடுக்கப்பட்டது. அதாவது அது சேதத்தைத் தடுத்தது. பல ஆண்டுச் சேதத்தைச் சரிசெய்யுமா என்பது வேறு கேள்வி. மற்றொரு சங்கடமும் உண்டு. இந்நோயின் முதல் அடையாளம் ‘அடக்க முடியவில்லை’ என்ற உணர்வு. எலி அதைச் சொல்லாது. சிகரங்களை எண்ணி நாம்தான் ஊகிக்க வேண்டும்.

இன்று மருத்துவர்கள் தருபவை தசையின் சுருக்கத்தை அடக்கும் மாத்திரைகள். பழைய வகை வாயை வறளச் செய்யும். தசையைத் தளர்த்தும் மிராபெக்ரான் என்ற புதிய வகை 2011-இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. இவற்றோடு, குறித்த நேரத்துக்குச் சென்று, இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் பயிற்சியும் உண்டு.

எலிகளின் கதையைத் தகப்பனாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அதுகளுக்குக் குணமாயிற்று, சரி. எனக்கு எப்போது?” என்றார். என்னிடம் பதில் இல்லை. மருத்துவர் சொன்ன பயிற்சியைத் தொடங்கியிருக்கிறார். சுவர்க் கடிகாரத்தின் கீழே ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. சென்ற வாரம் அதில் எழுதியிருந்த மிக நீண்ட இடைவெளி ஒரு மணி நாற்பது நிமிடம்.