2011 என்ற எண்ணை நம்பி

"அண்ணே, போர்டுலயும் 2011, சிப்புலயும் 2011. அப்புறம் என்ன, மாட்டிடலாம்ல?"

தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி. ரிச்சி தெருவில் விலை விசாரித்துவிட்டு நேராக டீக்கடைக்கு வந்திருந்தார். அவர்களிடம் இருப்பது டெல் பவர்எட்ஜ் ஆர்720. உள்ளே இன்டெல் சியான் இ5-2609, நான்கு கோர். அவர் கண் வைத்திருந்ததோ இ5-2680 வி3, பன்னிரண்டு கோர்.

மாட்ட முடியாது என்றேன். முகம் வாடிவிட்டது. இன்னொரு டீ சொன்னேன்.

2011 என்பது சாக்கெட்டில் உள்ள பின்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான். 2012-இல் வந்த முதல் இ5-2600 வரிசைக்கும் 2013-இல் வந்த வி2-வுக்கும் சாக்கெட் ஒன்றே. 2014-இல் வி3 வந்தபோது எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிவிட்டார்கள். மெமரி டிடிஆர்3-இலிருந்து டிடிஆர்4-க்குப் போனது; சிப்பின் ஓரத்துப் பள்ளமும் இடம் மாறியது. இந்தப் புதிய சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 2011-3. விலை சொல்லும்போது அந்தக் கடைசி 3 யார் வாயிலும் வருவதில்லை. உட்காரவில்லையே என்று அழுத்திப் பார்க்கவும் கூடாது. இந்த வகையில் பின்கள் இருப்பது சாக்கெட்டில். வளைந்தால் செலவு போர்டுக்கு.

சிப்பின் பெயரே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். இ5-2680 வி2 என்று வையுங்கள். முதல் 2, இரண்டு ப்ராசசர் போர்டில் ஓடும் என்பதற்கு. அடுத்த 6, சாக்கெட் வகை. அந்த இடத்தில் 4 இருந்தால், உதாரணமாக இ5-2450, அதற்கு 1356 பின், வேறு சாதி. 80 என்பது வரிசைக்குள் அதன் படி. வி2 தலைமுறை. நாம் விழுங்கிவிடுவது இந்தக் கடைசித் துண்டைத்தான்.

ஆக ஆர்720-க்கு வி2 வரை ஏறும். ஆனால் பயாஸ் பழையதாக இருந்தால் அதுவும் ஏறாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓர் இரவு, வேறொரு சர்வரில், வி2-வை மாட்டி பட்டனை அழுத்தினேன். ஃபேன் எல்லாம் இரைந்தன, திரை கறுப்பாகவே இருந்தது. சிப் செத்தது என்றே நினைத்தேன். பேஸ்டைத் துடைத்து, பழையதைத் திரும்ப மாட்டி, பயாஸைப் புதுப்பித்து, மறுபடி கழற்றி மாட்டும்போது விடிந்துவிட்டது. புதுச் சிப் அப்போது ஒழுங்காக எழுந்தது. பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். என்ன பதிப்பு என்று பார்க்க சர்வரைத் திறக்கக்கூட வேண்டாம், டெல் சர்வரைத் தொலைவிலிருந்து கவனிக்கும் ஐடிராக் பக்கத்திலேயே தெரியும்.

அடுத்தது சூடு. 2609 தின்பது 80 வாட், 2680 வி2 115 வாட். ஹீட்சிங்க்கும் பவர் சப்ளையும் அதைத் தாங்குமா என்று சர்வரின் கையேட்டில் பாருங்கள்.

இரண்டு சிப் வாங்கினால் இரண்டும் ஒரே மாடலாக, ஒரே ஸ்டெப்பிங்காக (அதாவது ஒரே திருத்தப் பதிப்பாக) இருக்கட்டும். மூடியில் எஸ்ஆர் என்று தொடங்கும் குறியீடு அதற்குத்தான். பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கும் முதல் தலைமுறை இ5-2670-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்: எஸ்ஆர்0எச்8 என்றால் சி1 ஸ்டெப்பிங், அதில் விடி-டி வசதியில் கோளாறு உண்டு, எஸ்ஆர்0கேஎக்ஸ் என்றால் அதைச் சரிசெய்த சி2. விர்ச்சுவல் மெஷினுக்கு கார்டை நேரடியாகக் கொடுக்க நினைப்பவருக்கு இந்த வித்தியாசம் தலைவலி. மூடியைப் படம் எடுத்து அனுப்பத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

ஒற்றைச் சிப் போதும் என்றால் ஒன்று நினைவிருக்கட்டும்: ஆர்720-இன் 24 மெமரி ஸ்லாட்டில் 12 இரண்டாவது ப்ராசசருக்கு உரியவை. அது இல்லாமல் அவை சும்மா கிடக்கும்.

"அப்ப வி2 ரெண்டு போட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாமாண்ணே?"

கணக்கு மென்பொருளும் ஃபைல் சர்வரும் மட்டும் என்றால் தாராளமாக. ஆனால் வி2-வில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது. ரெட் ஹாட் லினக்ஸ் 10 அது இல்லாமல் ஓடாது. அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் சிப்புக்குக் காசைக் கொட்டாமல் சர்வரையே மாற்றிவிடுங்கள்.