எபிரேயச் சொல்வழி – 12: காதில் விழுந்த காட்சி

எபிரேய வேதாகமத்திலேயே மிகச் சிறியது ஒபதியாவின் புத்தகம். ஒரே அதிகாரம், 21 வசனங்கள். எடுத்த எடுப்பிலேயே அது தன்னை ஒபதியாவின் ‘ஹஸோன்’ என்று சொல்லிக்கொள்கிறது. தமிழில் ‘தரிசனம்’. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒளி, சிங்காசனம், சிறகு விரித்த தூதர்கள் என்றெல்லாம் நம் மனம் ஓடும். ஒபதியாவில் அப்படி எதுவும் கிடையாது. இருப்பது ஏதோம் நாட்டின் மீது ஒரு தீர்ப்பு. அதுவும் காதில் விழுந்த ஒரு செய்தியோடு தொடங்குகிறது.

இது ஒபதியாவோடு முடிகிற விஷயமில்லை. ஏசாயா புத்தகத்தின் முதல் சொல்லே ஹஸோன்தான். 1947இல் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா தோல்சுருள், 7 மீட்டருக்கும் அதிக நீளம், அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. இரண்டாம் அதிகாரத்தின் வாசலில் இன்னும் வினோதம்: ஏசாயா ‘வார்த்தையைக் கண்டார்’ என்று எழுதியிருக்கிறது. ஆமோஸின் தொடக்கமும் அப்படியே. வார்த்தையைக் கேட்கலாம், படிக்கலாம். காண்பது எப்படி?

ஹஸோனுக்கு வேர் ‘ஹஸா’ என்ற வினை. காணுதல் என்று பொருள். எபிரேயத்தில் கல்லையும் கழுதையையும் பார்க்க ‘ரஆ’ என்ற வேறொரு வினை இருக்கிறது. ஹஸா அரிதாக, பெரும்பாலும் கவிதையிலும் தீர்க்கதரிசனத்திலும் வரும். பக்கத்து மொழியான அரமேயத்திலோ அதே வேர்தான் அன்றாடப் ‘பார்’. இப்போது ஏசாயா ஆறாம் அதிகாரத்துக்குப் போங்கள். உயர்ந்த சிங்காசனம், ஆறு சிறகுள்ள சேராபீன்கள், ஆலயத்தை நிறைக்கும் புகை. உண்மையிலேயே கண்ணுக்கு விருந்தான இடம் அதுதான். அங்கே ஏசாயா பயன்படுத்துவது சாதாரண ‘ரஆ’. ஹஸோன் அந்த அதிகாரத்தில் தலைகாட்டுவதே இல்லை.

ஆகவே ஹஸோன் என்றால் படம் அல்ல, பெறப்பட்ட சொல் என்றே எனக்குப் படுகிறது. பிறகு ஏன் ‘காண்’ என்ற வேர்? கேட்டுச் சொல்கிறவனைவிடக் கண்டு சொல்கிறவன் அதற்குப் பொறுப்பாளி, அவன் சாட்சி. இது நானாகக் கோத்ததில்லை, என் முன்னே வைக்கப்பட்டது என்று உறுதி சொல்லவே தீர்க்கர்கள் பார்வையின் வினையைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

சாமுவேலின் கதையில் இது அழகாக வருகிறது. அந்த நாட்களில் ஹஸோன் அரிதாயிருந்தது என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே கிழவர் ஏலியின் கண் மங்கிப்போனதைக் கதைசொல்லி சேர்க்கிறார். பிறகு சீலோவில் படுத்திருக்கும் சிறுவனுக்கு இருட்டில் ஒரு குரல். ஏலிதான் கூப்பிடுகிறார் என்று அவன் ஓடி ஓடிப் போகிறான். முழுக்க முழுக்கக் காதின் கதை.

நம் வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள் ‘தரிசனம்’ என்று வைத்தது நல்ல தேர்வுதான், ஆனால் ஒரு இடறல் உண்டு. கோயில் வழக்கில் தரிசனத்துக்கு நாம் போகிறோம். ஹஸோனோ ஆளைத் தேடி வருகிறது, பெரும்பாலும் கேட்காமலே.

ஹஸோன் பெறுபவர் ‘ஹோஸே’. தாவீதின் அரண்மனையில் காத் என்பவர் ராஜாவின் ஹோஸே, ஏறக்குறைய ஒரு பதவி. அக்கம்பக்கத்து நாடுகளிலும் இவர்கள் இருந்தார்கள். 1967இல் யோர்தானின் தேர் அல்லாவில், சுவர்ப்பூச்சில் மையால் எழுதிய எழுத்துகள் துண்டு துண்டாகக் கிடைத்தன. காலம் ஏறத்தாழ கி.மு. 800. பேயோரின் மகன் பிலேயாம், தேவர்களின் ஹோஸே என்கிறது அது. எண்ணாகமத்தில் கழுதையோடு வருகிறாரே, அதே பிலேயாம்!

பதவி என்றால் பிழைப்பும் உண்டு. பெத்தேல் ஆசாரியன் அமத்சியா, ஆமோஸை ‘ஹோஸே’ என்று விளித்து, யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே சோறு தின்று கொள் என்கிறான். குத்தல் புரிகிறதல்லவா? நான் தீர்க்கதரிசியுமல்ல, ஆடுமாடு மேய்க்கிறவன், காட்டத்திப் பழம் பார்க்கிறவன் என்று ஆமோஸ் திருப்பிக் கொடுக்கிறார்.

போலிகளும் இருந்தார்கள். தங்கள் இருதயத்தின் ஹஸோனைச் சொல்கிறார்கள் என்று எரேமியா சாடுகிறார். அதாவது, சொந்தச் சரக்கு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அசலும் போலியும் ஒன்றுபோலவே தெரியும், அதுதான் சிக்கல். ஆபகூக்குக்கு வந்த கட்டளை அதனால் முக்கியம்: ஹஸோனைப் பலகைகளில் தெளிவாக எழுது, அது தாமதித்தாலும் காத்திரு. எழுத்தில் வைத்துவிட்டால் பிறகு காலம் சரிபார்த்துக்கொள்ளும்.

நீதிமொழிகள் 29:18 பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஹஸோன் இல்லாத இடத்தில் ஜனங்கள் கட்டுப்பாடற்றுப் போவார்கள் என்பது அதன் கருத்து. 1611இன் கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம் அங்கே ‘விஷன்’ என்று போட்டது. அன்று அது சரியான சொல். ஆனால் இன்று தலைமைப் பண்பு பற்றிப் பேசுகிற மேடைகளில் இந்த வசனம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் விற்பனை இலக்கிற்கும் முன்னுரையாகிவிட்டது. வசனத்தின் மறுபாதியைப் படித்தால் போதும்: தோராவைக் காக்கிறவன் பாக்கியவான் என்கிறது. ஹஸோனுக்கு இணையாக நிற்பது வேதப்பிரமாணம், வியாபார லட்சியமல்ல. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் ‘விளக்கிச் சொல்பவர்’ என்று வைத்தது. ஜெரோமின் லத்தீன் ‘தீர்க்கதரிசனம்’ என்றது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அதுவே.

தானியேலில் மட்டும் நிலைமை மாறுகிறது. இரண்டு கொம்புள்ள ஆட்டுக்கடா, மேற்கிலிருந்து பாய்ந்து வரும் வெள்ளாட்டுக்கடா என்று அங்கே ஹஸோன் நிஜமாகவே படமாகிவிடுகிறது. பார்த்தவருக்கே விளங்காமல் காபிரியேல் வந்து பொருள் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘தரிசனம்’ என்றதும் நம் மனதில் எழும் படம் பெரும்பாலும் இந்தத் தானியேல் வழி வந்ததே.

இன்றைய இஸ்ரேலில் இந்த வேர் வேறு வேலைகளும் பார்க்கிறது. ‘மஹஸே’ என்றால் மேடை நாடகம். ஆபிராமுக்குக் கர்த்தருடைய வார்த்தை வந்ததும் ஒரு ‘மஹஸே’யில்தான் என்கிறது ஆதியாகமம் 15. ‘ஹஸாய்’ என்றால், தொலைக்காட்சியில் நாளைக்கு மழை உண்டா என்று சொல்கிற வானிலை நிபுணர். அவரையும் காலம்தான் சரிபார்க்கிறது, ஆனால் மறுநாளே.

அடுத்த வாரம், ஹஸோனின் பங்காளியான ‘மஸ்ஸா’.