நம்ம ஆளு அனுப்பியதா? அங்கேதான் நிதானம் வேண்டும்

2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வடமாநிலங்களில் பரவின. ‘வேலையை விட்டுவிட்டு உடனே ஊருக்கு வா’ என்று வீட்டிலிருந்து பதறிப்போய் போன் செய்தார்கள். அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு விளக்கம் தந்தார். ஒரு வீடியோ திருப்பூரில் பீகார்க்காரர்களுக்குள்ளேயே நடந்த தகராறு. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் போட்டுக்கொண்ட சண்டை. இரண்டுமே பழையவை. மார்ச் 8 ஹோலி என்பதால் ரயில் நிலையங்களில் கூட்டம் இருந்தது. பண்டிகைக்குப் போன அந்தக் கூட்டத்தைக் காட்டி, ‘உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்’ என்றார்கள்.

அந்த விவகாரம் மதுரைக்கும் வந்தது. பொய் வீடியோ பரப்பியதாகப் பீகாரில் கைதான யூடியூபர் மணீஷ் காஷ்யப் மதுரை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்பட்டு, மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். அவர் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டமும் பாய்ந்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்தத் தடுப்புக் காவலை ரத்து செய்தது.

என்னை உறுத்துவது, அந்தப் பொய் பரவிய வழி. முன்பின் தெரியாதவன் அனுப்பினால் சந்தேகப்படுவோம். சொந்த ஊர்க்காரர், சொந்த மதத்தவர், சொந்த சாதிக்காரர் இருக்கும் குரூப்பில் ‘நம்ம ஆளுங்களுக்கு ஆபத்து’ என்று வந்தால் மறு யோசனையே கிடையாது. சம்பளம் தராத மேஸ்திரியைத் தட்டிக்கேட்கவும், அவசரத்துக்கு ரத்தம் தேடவும், திருநங்கை ஒருவருக்குத் தங்க இடம் பார்க்கவும் உதவுவது அதே குரூப்தான். சிறு கூட்டமாக வாழ்கிறவர்களுக்கு அது பெரிய பலம். அந்த ஒட்டுறவில்தான் வதந்தியும் சவாரி செய்கிறது. மதுரைத் திருப்பரங்குன்றம் மலையின் வழிபாட்டுத் தகராறு போன்ற விவகாரங்களால் ஊரே பதற்றமாக இருக்கும் நாட்களில் இது இன்னும் ஆபத்து.

வாட்ஸ்அப்பில் வந்த செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பியவரிடமே கேளுங்கள்: எந்த ஊர், என்றைக்கு, நீங்கள் பார்த்தீர்களா? பெரும்பாலும் மூன்றாவது கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும்.

‘நான் எழுதலையே, ஃபார்வர்டுதானே பண்ணினேன்’ என்பது தப்பிக்கும் வழி அல்ல. நடிகர் எஸ்.வி.சேகர் வழக்கில், ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று 2018-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது. குரூப் அட்மின்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, உறுப்பினர் போட்ட பதிவுக்கு அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. உடந்தையாக இருந்திருந்தால் கதை வேறு.

மதம், மொழி, சாதியின் பெயரால் பிரிவுகளுக்கிடையே பகை மூட்டினால், பாரதிய நியாய சன்ஹிதா 196-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இணையத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குத் தொடரலாம். திருநங்கை, திருநம்பியரைச் சொல்லால் துன்புறுத்தினாலும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை தண்டனை உண்டு.

நீங்களே பாதிக்கப்பட்டால் ஆத்திரத்தில் பதிலடி போடாதீர்கள். பதிவு அழிக்கப்படுவதற்குள் தேதி, நேரம், கணக்கின் பெயர், இணைப்பு எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனை மாற்றாதீர்கள், அதுவே மூல ஆதாரம். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். 24 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும். பலரும் 1930-க்கு அடிக்கிறார்கள். அது பண மோசடிக்கான எண். வெறுப்புப் பதிவுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் தளமோ காவல் நிலையமோதான் இடம்.

‘இது எங்க லிமிட் இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பெற வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-ஐ அழைத்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி கிடைக்கும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலே போதும். காவலர் அதை எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கி, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும்.