பழைய கைக்கடிகாரத்துக்கு என்ன விலை சொல்லலாம்?

பீரோவை ஒழுங்குபடுத்தும்போது அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா கிடைக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுகிறது. விற்கலாம் என்று இணையத்தில் தேடினால், ஒருவர் அதை எண்ணூறு ரூபாய்க்குத் தருகிறார். இன்னொருவர் எட்டாயிரம் கேட்கிறார். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. நியாயமான விலை எது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: எட்டாயிரம் என்பது கேட்கும் விலை. கேட்பதற்குக் காசா, பணமா? மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் பொருளுக்கும் ஒரு விலை போட்டிருக்கும். நமக்கு வேண்டியது கைமாறிய விலை. ஏலத் தளங்களில் ‘விற்பனையானவை’ என்று தனியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கும். அதில் ஒரே மாடலுக்கு ஐந்தாறு விற்பனைகளைப் பார்த்து நடுவாந்தரமான தொகையை எடுத்துக்கொண்டால் அதுதான் தொடக்கப் புள்ளி.

வயதும் அபூர்வமும் ஒன்றல்ல என்பதை எச்.எம்.டி.யின் கதையே காட்டும். 1953இல் தொடங்கிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம், 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை அமைத்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தியர்களின் மணிக்கட்டு அதன் வசம்தான் இருந்தது. மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச், முதல் சம்பளத்தில் வாங்கிய வாட்ச் என்று வீட்டுக்கு ஒன்று வந்து சேர்ந்தது. டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகளை இறக்கியதும் நிலைமை மாறியது. எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. மூடியதும் ஏக்கம் கூடியது, விலையும் ஏறியது. ஆனாலும் ஜனதா ஏராளமாகச் செய்யப்பட்ட வாட்ச். ‘இப்போது வருவதில்லை’ என்பது மட்டும் அதை அபூர்வமாக்கிவிடாது. சிட்டிசன் பெயரும் சேர்ந்து வந்த ஆரம்பகால வாட்சுகளின் கணக்கு வேறு.

‘17 ஜுவல்ஸ்’ என்ற எழுத்தைக் காட்டி விலையை ஏற்றுவோரும் உண்டு. அவை பல்சக்கரங்களின் அச்சுமுனை தேயாமல் சுழல்வதற்காகப் பதித்த செயற்கை மாணிக்கத் துணுக்குகள். நகைக்கடையில் அவற்றுக்கு மதிப்பில்லை.

அடுத்து, கையில் இருக்கும் வாட்சின் குறைகளை எடைபோட வேண்டும். அவற்றை இரண்டு பட்டியலாகப் பிரித்தால் பாதி வேலை முடிந்துவிடும்: பணம் கொடுத்தால் தீரும் குறைகள், பணம் கொடுத்தாலும் தீராத குறைகள்.

கீறல் விழுந்த கண்ணாடி, இற்றுப்போன ஸ்ட்ராப், காய்ந்துபோன எண்ணெய் எல்லாம் முதல் பட்டியல். எண்ணெயின் நிலை வெளியே தெரியாது. அதற்கு டைம்கிராஃபர் என்ற கருவி இருக்கிறது. வாட்சை அதன் மைக்கில் பொருத்தினால் டிக் டிக் சத்தத்தைக் கேட்டே ஜாதகம் சொல்லிவிடும். ஜனதாவில் இருக்கும் 0231 என்ற இயந்திரம் விநாடிக்கு 5 முறை துடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்புகள். நாளுக்கு அரை நிமிடம் முன்பின் ஓடினால், பிழை பத்தாயிரத்தில் நான்கு பங்குகூட இல்லை. இந்த வயதில் அதைக் குறை சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியது வீச்சு, அதாவது உள்ளே இருக்கும் பேலன்ஸ் வீல் இப்படியும் அப்படியும் எத்தனை டிகிரி திரும்புகிறது என்பது. முழுச் சாவி கொடுத்த நிலையில் 270 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்ல ஆரோக்கியம். 200க்குக் கீழே போனால், ஓடுகிற வாட்சாகவே இருந்தாலும், கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெயிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அந்தச் செலவு விலையிலிருந்து கழிய வேண்டும்.

இரண்டாவது பட்டியலில் முதலிடம் மறுபூச்சு பூசிய டயலுக்கு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே பாருங்கள். தொழிற்சாலையில் அச்சான எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும்; மறுபூச்சில் மை கசிந்து எழுத்து தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக நிற்காமல் ஒரு மயிரிழை விலகியிருக்கும். ஐம்பது வருடத்து வாட்சில் டயல் மட்டும் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் மின்னினாலும் சந்தேகப்படலாம்.

உதிரிகளைக் கோத்துச் செய்த வாட்ச் அடுத்தது. ஜனதாவிலும் எச்.எம்.டி.யின் இன்னொரு மாடலான பைலட்டிலும் ஓடுவது ஒரே இயந்திரக் குடும்பம் என்பதால், ஒன்றின் டயலை இன்னொன்றின் கேஸில் மாட்டுவது சுலபம். பின்மூடியைத் திறந்தால் திருகுகளின் தலையைப் பாருங்கள். வெட்டு சிதைந்து, சுற்றிலும் கீறல் இருந்தால் பொறுமையில்லாத கைகள் பலமுறை உள்ளே புகுந்திருக்கின்றன. மூன்றாவது குறை அளவுக்கு மீறிய பாலிஷ். ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் கூர்மை மழுங்கிவிட்டால் அந்த உலோகம் திரும்பி வராது.

இப்போது கணக்கு. எதுவும் மாறாத, சர்வீஸ் செய்த ஒரு ஜனதா 3,000 ரூபாய்க்குக் கைமாறுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்களுடையதில் டயல், முள், கேஸ் எல்லாம் அசல். சர்வீசுக்கு 700, கண்ணாடிக்கு 200 ஆகும் என்றால் மிச்சம் 2,100. திறந்த பிறகு வேறு கோளாறு தெரியவரலாம் என்ற பயம் வாங்குகிறவருக்கு இருக்கும். அதற்கும் சற்றே இறங்கி, 1,800 முதல் 2,000 வரை சொல்வது நியாயம். வியாபாரியிடம் கொடுத்தால் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்; சர்வீஸ், உத்தரவாதம், விற்கும்வரை காத்திருப்பது எல்லாம் அவர் தலையில் விழுகிறதே.

டயல் மறுபூச்சு என்றால் இந்தக் கழித்தல் செல்லாது. 3,000 என்பது அசலின் விலை. உங்கள் வாட்ச் அந்தச் சந்தையிலேயே இல்லை. மறுபூச்சு வாட்சுகள் என்ன விலைக்குப் போயின என்று புதிதாகத் தேடித்தான் தொடங்க வேண்டும். விற்பதற்கு முன் ‘கொஞ்சம் பளிச்சென்று’ ஆக்கிக்கொடுக்கும் ஆசை ஆபத்தானது இதனால்தான். டயலுக்குப் பூச்சும் கேஸுக்கு பாலிஷும் செய்ய நீங்கள் செலவழிக்கும் பணம், தீரும் குறையைத் தீராத குறையாக மாற்றிவிடும்.

அப்பா கட்டிய வாட்ச் என்ற பாசத்துக்கு விலை உண்டா? வாங்குகிறவருக்கு அவரைத் தெரிந்திருந்தால் உண்டு. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017இல் நியூயார்க்கில் நடந்த ஃபிலிப்ஸ் ஏலத்தில் ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. கவனமாக வண்டி ஓட்டும்படி அவர் மனைவி பின்மூடியில் பொறித்துக் கொடுத்த வாசகம் அதில் இருந்தது. அதை நியூமனிடமிருந்தே பரிசாகப் பெற்றவர், அவருடைய மகளின் முன்னாள் காதலர், விற்க முன்வந்தார். வாட்ச் யாருடையது என்பதற்குச் சான்று கையிலேயே இருந்தது.

நம் வீட்டு ஜனதாவுக்கும் சான்று உதவும். வாங்கிய ரசீது, பெட்டி, சர்வீஸ் பில் எதுவானாலும் எடுத்து வையுங்கள். பின்மூடி திறந்த நிலையில் ஒரு படம், டயலை நெருக்கத்தில் ஒரு படம், மாற்றிய பாகங்களின் பட்டியல், இவற்றோடு விலையைச் சொன்னால் வாங்குகிறவரும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்வார். பிறகு நூறு, இருநூறில்தான் பேரம் நடக்கும்.