பச்சிளங் குழந்தையின் தோலில் தோன்றும் மாற்றங்கள்

குழந்தை பிறந்த மறுநாள் பாட்டிமார்கள் கவலையோடு எங்களிடம் காட்டுவது பெரும்பாலும் ஒன்றையே: முகத்திலும் மார்பிலும் திடீரெனத் தோன்றிய சிவந்த திட்டுகள், அவற்றின் நடுவே கடுகளவில் ஒரு வெண்மஞ்சள் கொப்புளம். கொசுக்கடி என்பர் சிலர். தாய் உண்ட உணவின் சூடு என்பர் வேறு சிலர். இரண்டும் அல்ல. நிறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது வருகிறது. குறைமாதக் குழந்தைகளுக்குக் குறைவாகவே வரும். ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றி, ஓரிரு வாரங்களில் தானே அடங்கிவிடும். இதற்காகத் தாயைப் பத்தியம் என்று பட்டினி போட வேண்டியதில்லை.

இடுப்பிலும் பிட்டத்திலும் காணப்படும் நீலச் சாம்பல் நிறத் திட்டைப் பிரசவத்தில் பட்ட அடியென எண்ணி வருந்துவோர் உண்டு. நிறமி அணுக்கள் தோலின் ஆழத்தில் தங்கிவிடுவதே அதற்குக் காரணம். ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் இது மிகுதி. சில ஆண்டுகளில் பெரும்பாலும் மங்கிவிடும். மூக்கின் மேலுள்ள வெண்புள்ளிகளும் சில வாரங்களில் உதிர்ந்துவிடும், பிதுக்காதீர்கள்.

வேர்க்குரு மட்டும் பெரும்பாலும் நம் கைவேலை. பச்சிளங் குழந்தையின் வியர்வை நாளங்கள் முதிராதவை. சித்திரை வெயிலிலும் தொப்பி, காலுறை, கனத்த துணி எனச் சுற்றினால் அவை அடைபடாமல் என்ன செய்யும்? மெல்லிய பருத்தித் துணி போதும். பவுடர் வேண்டாம், அதன் தூள் மூச்சுக்குழலுக்குள் செல்லும். எடை குறைந்த குழந்தைக்கு வெதுவெதுப்பு மிகத் தேவை என்பதால், எவ்வளவு போர்த்துவது எனச் செவிலியரிடம் கேட்டறியுங்கள்.

ஆனால் சில அறிகுறிகளுக்கு விடியும்வரை காத்திருக்கலாகாது. நீர் கோத்த கொப்புளங்கள் கூட்டமாக எழுதல், சீழ்க் கொப்புளங்கள் பெருகுதல், தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்குதல், பிறந்த முதல் நாளிலேயே உடல் மஞ்சளாதல், பின்னர் உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் பரவுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். காய்ச்சலோ உடல் சில்லிடுதலோ பால் குடிக்க மறுத்தலோ இருந்தால், தோலில் எதுவும் தெரியாவிடினும் வர வேண்டும்.

வரும்போது எதையும் பூசிக் கொண்டுவராதீர்கள். தொப்புளில் மஞ்சளோ சாம்பலோ அப்பியிருந்தால் அடியிலுள்ள சிவப்பு எங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். ஏற்கெனவே பூசியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.